பத்துப் பேர் போதும்

மே மாதத் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து அண்ணன் மகன் அழைத்தான். 17 வயது. “அத்தை, நீங்க பெயின்ட் அடிச்சு விளையாடுவீங்களே, அந்தப் பொம்மைப் போர், அதை ஆரம்பிக்க நான் என்னென்ன வாங்கணும்?” என்று கேட்டான். எழுதி அனுப்புறேன்டா என்று சொல்லிவிட்டு அன்றிரவே உட்கார்ந்தேன். தொடக்கப் பெட்டி ஒன்று, விதிப்புத்தகம், நிப்பர் என்கிற சின்ன வெட்டுக்குறடு, பசை, ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு, எட்டு வண்ணம், மூன்று தூரிகை. முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் நான் கடைக்குக் கொண்டுபோன பட்டியலும் இதேதான். அன்று வாங்கியதில் பாதிக்கு மேல் இன்னும் என் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. பட்டியலை அழித்துவிட்டேன். அப்புறம் பத்து நாள் அவனுக்கு எதுவுமே அனுப்பவில்லை. அந்தப் பத்து நாளும் மனசுக்குள் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்காமில். வேலைக்காக வந்த ஊர். ஆனால் இந்த விளையாட்டுக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். வார்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டு 1983இல் வெளிவந்தது. அதை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இங்கே லென்டன் பகுதியில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த பலரும் இந்தப் பக்கத்திலேயே கம்பெனி தொடங்கினார்கள். மான்டிக், வார்லார்ட், பெர்ரி சகோதரர்கள் என்று இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்குப் பழகிய பெயர்கள் பலவும் இந்த வட்டாரம்தான். ஒரு காலத்தில் உருவங்களை ஈயத்தில் வார்த்தார்கள், அதனால் இந்தப் பகுதிக்கே ‘ஈயப் பட்டை’ என்று ஒரு பட்டப்பெயர். பட்டாசுக்குச் சிவகாசி எப்படியோ, கட்டைவிரல் உயர மந்திரவாதிகளுக்கும் ஓர்க் என்கிற அரக்கர்களுக்கும் நாட்டிங்காம் அப்படி.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசை, அதன்மேல் இடிந்த கோபுரங்கள், மரங்கள், பாலங்கள். இரண்டு பக்கமும் 28 மில்லிமீட்டர் உயர உருவங்கள். கட்டம் கிடையாது, அங்குல டேப்பை வைத்து அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டி அடிப்போம். என் வில்லாளி உங்கள் பூதத்தைப் பார்க்க முடியுமா என்று சந்தேகம் வந்தால், குனிந்து, அந்த வில்லாளியின் கண் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஐம்பது வயது மனிதர்கள் மேசை ஓரத்தில் முட்டி போட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதை முதல்முறை கண்டபோதே எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு ஈர்ப்பு. நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிராகப் பதினைந்து ஆடு நிற்குமே, அந்தக் கணக்குதான். இங்கே ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு புள்ளி விலை போட்டிருப்பார்கள். விலை உயர்ந்த ஐந்து பேரா, மலிவான இருபது பேரா என்பது நம் விருப்பம். மொத்தம் சமமாக இருந்தால் சரி.

அலமாரிக்குப் போன படை

நான் வந்த முதல் டிசம்பரில், வெளியே நாலு மணிக்கே இருட்டிய ஒரு சனிக்கிழமை, லென்டனில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் காட்சிக்கூடமான வார்ஹாமர் வேர்ல்டுக்குப் போனேன். கண்ணாடிக்குள் அறை அளவுக்குப் பெரிய போர்க்களக் காட்சிகள். ஒவ்வொரு உருவத்தின் கண்ணிலும் வெள்ளைப் புள்ளி. திரும்பி வரும்போது மனசு அந்த அளவிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறொரு கடையில், ஏறக்குறைய 100 பவுண்டு கொடுத்து, 40 உருவம் இருந்த ஒரு பெட்டியை வாங்கினேன். படை என்றால் படை மாதிரி இருக்க வேண்டாமா என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் இருந்தவை உருவங்களே அல்ல. கையும் காலும் தலையும் கேடயமும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள், ஸ்ப்ரூ என்பார்கள். ஒவ்வொரு துண்டையும் நிப்பரால் வெட்டி, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டி, பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இணைக்கும் பசையால் ஒட்ட வேண்டும். ஓர் உருவத்துக்கு ஐந்தாறு துண்டு. நாற்பது உருவத்துக்கு இருநூறுக்கு மேல். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டை ஒட்டினேன். அதற்குப் பிறகு ப்ரைமர். அன்றைக்கு மழை, ஈரக் காற்றில் தோட்டத்தில் நின்று ஸ்ப்ரே அடித்ததில், பூச்சு மணல் தூவிய மாதிரி சொரசொரவென்று போய் உட்கார்ந்தது. பன்னிரண்டில் ஏழு பேருடைய முகமே தெரியவில்லை. மீதி இருபத்தெட்டுப் பேரும் சட்டத்தை விட்டு வெளியே வரவே இல்லை. பெட்டியை மூடி மேலே வைத்தேன்.

ஏழு மாதம் அது அங்கேயே இருந்தது. பெட்டி கண்ணில் படும்போதெல்லாம் ஏதோ கடன் பாக்கி இருப்பது போலத் தோன்றும். விளையாட்டுக்கு என்று வாங்கிய ஒரு பொருள் ஒருவரை இப்படி உறுத்தக் கூடாது. படை முழுசாகத் தயாரானால்தான் ஆட்டம் என்று நானாகவே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் புதிதாக வருகிற முக்கால்வாசிப் பேர் இதே விதியோடுதான் வருகிறார்கள். முதல் ஆட்டம் ஆடும் முன்பே அவர்களில் பலர் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வியாழக்கிழமை, மாடி அறை

ஜூலையில் ஒருநாள் பழைய டப்பாக்களைத் தேடும்போது அந்த ஒட்டிய பன்னிரண்டில் ஒருவரைக் கையில் எடுத்தேன். முகம் சரியாக இருந்த ஐவரில் ஒருவர். தலைக்கவசம், கேடயம், சற்றுக் கோணலான வாள். படையை மறந்துவிட்டு இவர் ஒருவருக்கு மட்டும் வண்ணம் அடிப்போம் என்று தோன்றியது. மூன்று வாரம் ஆயிற்று. வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு அரை மணி, சில நாள் கால் மணி. வீடியோ அழைப்பில் அம்மா பார்த்துவிட்டு, “என்னடி இது, கொலு பொம்மையா? இத்தனூண்டா?” என்றாள். ஒரு வகையில் அதே குடும்பம்தாம்மா என்றேன். முடிந்ததும் அவரைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு, ஒரு வியாழக்கிழமை மாலை, ஒரு சின்னச் சங்கம் கூடும் மாடி அறைக்குப் போனேன். வேடிக்கை பார்த்துவிட்டு வருவதுதான் திட்டம்.

கதவுக்குப் பக்கத்து மேசையில் நரைத்த தாடி வைத்த ஒருவர் இடிபாடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உங்க படை எங்கே என்று கேட்டார். தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். சிரிப்பாரோ என்று நான் பயந்தது வீண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த ஒருவரையே வெகுநேரம் பார்த்தார். “ஒருத்தர் இருக்கார் இல்லையா, மீதி ஒன்பது பேரை நான் தரேன்” என்றார். அவர் பையில் இரண்டு கூட்டம் இருந்தது. எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே கொண்டுவருவாராம். எதிரே யாராவது வெறுங்கையோடு வந்து நின்றால் ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அவர் கொடுத்த ஒன்பதில் நாலு பேர் பழைய ஈய உருவங்கள், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். எண்பதுகளில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது வாங்கியது என்றார்.

நாங்கள் ஆடியது ஃப்ராஸ்ட்கிரேவ். ஆஸ்ப்ரே பதிப்பகம் 2015இல் கொண்டுவந்தது. பனியில் புதைந்து கிடந்த மந்திரவாதிகளின் நகரம் ஒன்று உருகி வெளியே வருகிறது; புதையல் தேடிக் கூட்டங்கள் போகின்றன. ஒரு பக்கத்துக்கு ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், எட்டுப் பேர் வரை கூலி வீரர்கள். மொத்தம் பத்து. மேசை மூன்றடிக்கு மூன்றடி. எந்தக் கம்பெனியின் உருவமாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் என் கோணல் வாள்காரர் காலாள் வீரராக உடனே வேலைக்குச் சேர்ந்தார். பெரிய போர் விளையாட்டுகளில் கை நிறையப் பகடை உருட்டுவார்கள். 12 பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்றால் சராசரியாக ஆறு அடி. அதில் பாதி காயமாகும், மூன்று. 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கவசம் காக்கும், ஒருவர் பிழைப்பார், இருவர் சாவார். அது ஒரு ரசனை. அங்கே சாகிற இருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஃப்ராஸ்ட்கிரேவில் இருவரும் ஆளுக்கு ஒரு இருபது முகப் பகடை உருட்டி, கூடவே தன் சண்டைத் திறனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெரிய எண் வென்றது. அந்த எண்ணிலிருந்து தோற்றவரின் கவசத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு காயம். மந்திரத்துக்கும் அதே பகடைதான். வேண்டிய எண்ணுக்கு ரொம்பக் கீழே விழுந்தால் மந்திரவாதிக்கே அடி.

மூன்றாவது சுற்றில் என் வாள்காரர் ஒரு புதையலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தாடிக்காரருடைய அடியாள் ஒருவன் வந்து மோதினான். நான் உருட்டியது 3, திறன் 3, ஆக 6. அவர் உருட்டியது 17, திறன் 2, ஆக 19. என் ஆளின் கவசம் 11. எட்டுக் காயம். பத்து உயிரில் மிச்சம் இரண்டு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால் நம்புங்கள். மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி யார் முகத்துக்குப் புருவம் எழுதினேனோ அவர் சாகப் போகிறார். அடுத்த சுற்றில் நான் 9, அவர் 14. பன்னிரண்டுக்குப் பதினாறு. பதினொன்றைக் கழித்தால் ஐந்து. முடிந்தது.

நான் அவரை எடுத்துத் தீப்பெட்டிக்குள் வைக்கப் போனேன். தாடிக்காரர் கையை நீட்டித் தடுத்தார். “உள்ளே வைக்காதீங்க. இங்கே நிறுத்துங்க” என்று மேசையின் ஓரத்தைக் காட்டினார். அங்கே அவருடைய செத்துப்போன இருவர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள், முகம் மேசையைப் பார்த்தபடி. செத்தவர்கள் மீதி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். என் ஆளை அவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தன்னைக் கொன்றவன் புதையலைத் தூக்கிக்கொண்டு பாதி வேகத்தில் தள்ளாடிப் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு பகடை உண்டு என்றார் தாடிக்காரர். விழுந்தவர் நிஜமாகவே செத்தாரா என்று பார்க்கும் பகடை. 1 முதல் 4 வரை விழுந்தால் சாவு. 5 முதல் 8 வரை பலத்த காயம், அடுத்த ஆட்டத்துக்கு வர முடியாது. 9 அல்லது அதற்கு மேல் என்றால் பூரண குணம். கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன். 6. “சரி, அடுத்த வியாழன் இவருக்கு ஓய்வு. நீங்க வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்” என்று சொல்லிக்கொண்டே அவர் தன் நோட்டில் என் கூட்டத்தின் கணக்கை எழுதினார். என் கூட்டம்! நான் மறுபடி வருவேனா என்று அவர் கேட்கவே இல்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது எந்த நிறத்தில் மேலங்கி போடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது ஆள் மூன்று வாரம் எடுக்கவில்லை. திங்களும் செவ்வாயும், இரண்டு மாலையில் முடிந்தார்.

கை தூரத்தில்

ஏன் இரண்டே மாலையில் முடிந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். முதல் ஆளை நான் மூக்கு நுனியில் வைத்து அடித்தேன். கண்ணாடிக்குள் பார்த்த வெள்ளைப் புள்ளிதான் அளவுகோல். ஆனால் மேசையில் அவர் இரண்டடி, மூன்றடி தள்ளி நிற்கிறார். அந்தத் தூரத்தில் தெரிவது மூன்று விஷயம்: நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கிறதா, பள்ளங்களில் நிழல் இருக்கிறதா, ஆள் நிற்கும் அடித்தட்டு வெறும் பிளாஸ்டிக்காக இல்லாமல் ஏதோ தரை மாதிரி இருக்கிறதா. இந்த மூன்றும் இருந்தால் அவர் உயிரோடு இருப்பார். கண்ணுக்குப் புள்ளி வைக்கவே வேண்டாம்.

வண்ணத்தைக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்து அப்பாதீர்கள். முகத்தில் இருக்கும் கோடுகளெல்லாம் மூடிப்போகும். ஒரு தட்டில் வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, வீட்டுச் சுவருக்கு அடிப்பது போலவே இரண்டு கோட்டிங். முதல் கோட்டிங் பார்க்கச் சகிக்காது, அதற்குள் மனம் உடைந்துவிடக் கூடாது. காய்ந்த பிறகு வாஷ் என்று ஒன்று, தண்ணீர் மாதிரி இருக்கும் கரும்பழுப்புத் திரவம், அதை மேலே பூசினால் தானாகவே ஓடி மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் போய்த் தங்கும். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான். தட்டையாக இருந்த ஒரு சட்டை கண்ணெதிரே துணியாகிவிடும். பிறகு ஒரு பழைய தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் தேய்த்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற நிலையில் மேடான இடங்களில் மட்டும் உரசினால் இரும்புச் சங்கிலிக் கவசம் ஒவ்வொரு வளையமாக எழுந்து வரும். அடித்தட்டுக்கு ஃபெவிகால் தடவி மணல். காட்டுத் தரை வேண்டுமென்றால் டீ போட்ட பிறகு வடிகட்டியில் மிஞ்சும் தூளை நன்றாகக் காயவைத்துத் தூவுங்கள். உதிர்ந்த சருகு அப்படியே வரும். ப்ரைமர் ஸ்ப்ரே ஈரக் காற்றில் வேண்டவே வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் தூரிகையால் அடிக்கும் ப்ரைமரையே வாங்குங்கள்.

அந்தப் பெட்டியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சட்டங்களை நிப்பரால் நறுக்கி, அவ்வப்போது இரண்டு மூன்று பேராக வெளியே எடுக்கிறேன். நாலு வருடத்தில் பதினெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். இருபதாவது ஆள் வரும்போது எனக்கு இரண்டு கூட்டம் இருக்கும். பையில் இரண்டையும் போட்டுக்கொண்டு போகலாம். மீதிப் பேர் மேலே இருக்கட்டும். அவர்கள் இப்போது என்னை உறுத்துவதில்லை.

திருச்சிக்கு அனுப்பிய பதில்

பத்து நாள் கழித்து அவனை அழைத்தேன். யாரோடடா விளையாடப் போறே என்றுதான் முதலில் கேட்டேன். பக்கத்து வீட்டு நண்பன் ஒருவன் இருக்கிறான் என்றான். அப்படியானால் பாதி வேலை முடிந்தது. முதல் ஆட்டம் முடியும்வரை ஒரு ரூபாய் செலவழிக்கக் கூடாது என்று சொன்னேன். ஒன் பேஜ் ரூல்ஸ் என்று ஒரு குழு ‘ஏஜ் ஆஃப் ஃபேன்டஸி’ விளையாட்டின் அடிப்படை விதிகளை இலவசமாகவே தருகிறது; சின்னக் கூட்டங்களுக்கென்று தனி வடிவமும் உண்டு. சாதாரண ஆறுமுகப் பகடை போதும். ஒவ்வொரு ஆளுக்கும் முக்கியமாக இரண்டே எண்: அடிக்கும்போது உருட்ட வேண்டியது ஒன்று, தடுக்கும்போது உருட்ட வேண்டியது ஒன்று. கெட்டி அட்டையில் ஆட்களை வரைந்து வெட்டி, ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு அடித்தட்டு ஒட்டச் சொன்னேன். உங்க ஹால்ல இருக்கறது இரண்டடி டைல்ஸ், நாலு டைல்ஸ் எடுத்துக்கோ, அதுதான் போர்க்களம். ஆளுக்குப் பத்துப் பேருக்கு மேல போகாதே. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், குரலிலேயே தெரிந்தது. அவன் பார்த்த வீடியோக்களில் டிராகன்கள் இருந்தன. எனக்கும் அவனுக்கு ஒரு டிராகன் வாங்கி அனுப்ப ஆசைதான். ஆனால் அது வந்து சேர்ந்து, ஒட்டி, அடித்து முடிவதற்குள் அந்த நண்பனுக்குக் கல்லூரி திறந்துவிடும்.

போன ஞாயிறு வாட்ஸாப்பில் படம் வந்தது. நாலு டைல்ஸைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. எவர்சில்வர் டம்ளர்கள் கோபுரமாக நின்றன, அண்ணியின் அளவு டேப் குறுக்கே கிடந்தது. ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த இருபது அட்டை ஆட்கள், அதில் ஒருவருக்கு மட்டும் அய்யனார் மீசை. பின்னாலேயே குரல்செய்தி: “அத்தை, என் ஆளுங்க மூணு பேர் காலி. இவங்களை டப்பாவுக்குள்ள போட்டுடலாமா?”

வேண்டாம்டா, டைல்ஸ் ஓரத்துல நிக்க வை, ஆட்டத்தைப் பார்த்த மாதிரி என்று பதில் அனுப்பினேன்.

கால் மணி கழித்து இன்னொரு படம். கோட்டுக்கு வெளியே மூன்று பேர் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் இருவருக்கும் முகமெல்லாம் வியர்வை. அட்டை ஆட்கள் விழுந்துவிடாமல் இருக்க ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், திருச்சி வெயிலில்.